காற்று விழுந்த நேரம்

ரூஜ், ஸ்காபரோ
12 ஒக்ரோபர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீங்கள் போன் எடுத்தபோது அம்மா அதை என் காதில் வைத்தா. நான் ஒன்றும் கதைக்கவில்லை. "அவள் அங்கை தனிய இருந்து எடுக்கிறாள், நீ மரம் மாதிரி நிக்கிறாய்" என்று பிறகு பேசினா. கோபம் ஒன்றும் இல்லை சின்னம்மா. எதிர்ப்பக்கத்தில் ஆள் காத்துக்கொண்டு நிற்பது தெரிந்தால் எனக்குச் சொல் எல்லாம் போய்விடும். கடிதத்தில் ஒருவரும் காத்துக்கொண்டு நிற்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது அம்மா சொல்லியிருப்பா. பதினொராம் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அடுத்த நாளிலிருந்து போகவில்லை. இப்போது ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்குசினியில் றோல்ஸ் சுற்றுகிறேன். முன்னால் நின்று ஆட்களோடு கதைப்பது ஷாமிலா அக்கா. "நீ சுத்து, நான் கத்திறன், கடை தன்ரைபாட்டிலை ஓடும்" என்பா.

சித்தப்பா தவறி ஒரு வருடமாகி ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது, இனியும் அந்தப் பாலைவனத்தில் ஏன் தனிய இருக்கிறாள் என்று அம்மா கேட்கச் சொன்னா. கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
தனுசியா


யக்கா வெல்ஸ், கலிபோர்னியா
24 ஒக்ரோபர் 2025

அன்புள்ள பெறாமகள் தனுசியாவுக்குச் சின்னம்மா எழுதுவது,

உன் கடிதம் கண்டேன். இரண்டு தரம் வாசித்தேன். முழங்கால் அப்படியேதான். மற்றும்படி சுகம்.

இந்த மோட்டலை நானும் சித்தப்பாவும் எட்டு வருடம் பார்த்தோம். பதினாறு அறை. முதலாளி இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். என் விசாப் பேப்பர் இன்னும் முடியவில்லை. முடியாமல் எல்லை தாண்டி உங்களிடம் வந்தால் இங்கே திரும்பி வரமுடியாது. இதை அம்மாவுக்குச் சொல்லு. அவளுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லு.

இங்கே இது காற்றுக் காலம். மலைப்பக்கத்திலிருந்து அடுப்பைத் திறந்தமாதிரி வரும். காய்ந்த முள்ளுப்பற்றைகள் வேரோடு கழன்று றோட்டில் உருண்டு போகும். கதவடியில் மணல் கூட்டக் கூட்டத் தீராது. நெருப்பு எச்சரிக்கை என்று போன் அடிக்கடி அலறுகிறது. போன கிழமை முதலாளி ஒரு தாள் தந்து, "குணா, நீ வாசிச்சாய்தானே" என்று கேட்டார். யெஸ் என்றேன். எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. அறை நம்பரும் நேரமும் பில்லும் வாசிப்பேன், அவ்வளவுதான். அந்தத் தாளை இதற்குள் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதி அனுப்பு. ஒருவருக்கும் சொல்லாதே.

தனிய இருக்கிறேன் என்று யோசிக்கவேண்டாம். பின்காணியில் யோசப் என்று ஒருவன் ஒரு பழைய ட்ரெயிலரில் இருக்கிறான். மெக்சிக்கோக்காரன். இரும்பு வேலை. பைப் உடைந்தால் வந்து பார்ப்பான். அவனுக்கும் இங்கிலீஸ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் நன்றாக விளங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சின்னம்மா குணவதி


ரூஜ்
5 நவம்பர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். "எனக்குத் தெரியாததே" என்றா.

தாளைப் படித்தேன். இரண்டு பக்கம். கீழே எழுதியிருக்கிறேன்.

சிவப்புக்கொடி எச்சரிக்கை என்று போனில் வந்தால், காற்று மணிக்கு அறுபது மைல் வரை அடிக்கும். காற்றில் ஈரம் இருக்காது. ஒரு பொறி போதும், நெருப்பு மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஓடும். கட்டடத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லை வெட்டவேண்டும். சுவரோடு விறகு, மட்டை ஒன்றும் அடுக்கக்கூடாது. பத்திரங்கள், மருந்து, தண்ணீர், உடுப்பு ஒரு பையில் போட்டு வாசலில் வைக்கவேண்டும். கரண்டை அவர்களே முன்கூட்டி நிறுத்துவார்கள். வெளிக்கிடச் சொன்னால் உடனே வெளிக்கிடவேண்டும், சாமான் எடுக்க நிற்கக்கூடாது.

இது முன்பக்கம். பின்பக்கத்தில் இருப்பது கூடாரம் போடுகிறவர்களுக்கும் இறைச்சி வாட்டுகிறவர்களுக்கும் இரும்பு ஒட்டுகிறவர்களுக்கும். உங்களுக்குத் தேவைப்படாது, அதனால் எழுதவில்லை. விட்பியில் ஒரு கலியாணவீட்டுக்கு ஆயிரத்திருநூறு றோல்ஸ் ஓடர். கை வீங்கிப்போயிருக்கிறது.

அன்புடன்,
தனுசியா


யக்கா வெல்ஸ்
17 நவம்பர் 2025

அன்புள்ள தனுசியாவுக்கு,

உன் எழுத்து வடிவாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் எழுத்து என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். தாளைக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதிலே இருக்கிறமாதிரி எல்லாம் செய்தேன். புல்லை யோசப் வெட்டித் தந்தான். பின்வேலிக்கு அங்காலே மற்றவர் காணி, அதை வெட்டமுடியாது. பை வாசலில் இருக்கிறது. போன கிழமை இரண்டு நாள் கரண்ட் இல்லை. விருந்தாட்கள் இருட்டில் என்னைப் பேசினார்கள், எனக்கு விளங்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

வாற மூன்றாம் திகதி கார்த்திகை விளக்கீடு. போன வருடம் சித்தப்பா செத்த துடக்கு, ஒன்றும் வைக்கவில்லை. இந்த வருடம் வைக்கவேண்டும். அந்த மனுசன் இந்த மணலிலும் ஒரு வருடமும் விடாமல் வைத்தவர். தடியில் துணி சுற்றி, எண்ணெயில் தோய்த்து, வாசலில் இரண்டு, தண்ணீர்த்தாங்கியடியில் ஒன்று, அப்படியே காணியைச் சுற்றி. கடைசிப் பந்தம் எப்போதும் பின்வேலி மூலையில்தான். எல்லைக்கு வெளிச்சம் இல்லாமல் விடக்கூடாது என்பார்.

யோசப்புக்குக் கையைக் காட்டிச் சொன்னேன். பதினொரு தடி சீவித் தந்தான். "பார்ட்டியா?" என்று கேட்டான். "ஓம், சாமிக்குப் பார்ட்டி" என்றேன். "சாமி பியர் குடிப்பாரா?" என்றான்.

இத்துடன் முடிக்கிறேன்.
சின்னம்மா


ரூஜ்
6 டிசம்பர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நீங்கள் சுகம் என்ற ஒரு சொல் நேற்று அம்மாவின் போனுக்கு வந்தது. அதற்கு முதல் இரண்டு நாள் அம்மா சமைக்கவில்லை. செய்தியில் உங்கள் ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை. புதன்கிழமை பின்னேரம் நெருப்பு தொடங்கியது, ஏழு வீடும் ஒரு குதிரைலாயமும் போய்விட்டது, ஒரு கிழவர் புகை குடித்து ஆஸ்பத்திரியில் என்று சொன்னார்கள். மோட்டலைக் காட்டவில்லை.

உங்கள் நவம்பர்க் கடிதம் முதலாம் திகதி எனக்குக் கிடைத்தது. பதில் எழுத நினைத்தேன். எழுதவில்லை.

விளக்கு வைத்தீர்களா?

அன்புடன்,
தனுசியா


யக்கா வெல்ஸ்
15 டிசம்பர் 2025

அன்புள்ள தனுசியாவுக்கு,

நான் சுகம். பின்வரிசையில் நாலு அறை எரிந்துவிட்டது. மிச்சம் நிற்கிறது. ஆட்கள் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டேன். மூன்று நாள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தோம். ஆஸ்பத்திரியில் இருந்த கிழவர் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு இல்லை, மகளிடம்.

யோசப்பின் ட்ரெயிலரும் போய்விட்டது. அவனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவன் இரும்பு அராவுகிற மெஷின் வெளியில் கிடந்ததாம், அதிலிருந்து பொறி பறந்ததாம். ஜாமீன் கட்ட அவனிடம் ஒன்றும் இல்லை. அவனுடைய நாய் என்னிடம் நிற்கிறது. சோறு தின்னுகிறது. பருப்புப் போட்டால் ஒதுக்கிவிடுகிறது.

விளக்கீட்டைக் கேட்டிருந்தாய். காற்று என்றபடியால் நான் ஒன்றும் வைக்கவில்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.
சின்னம்மா


ரூஜ்
27 டிசம்பர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு இருமல், கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறா. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி.

நீங்கள் விளக்கு வைக்கவில்லை என்று வாசித்தபோது எனக்கு மூச்சு வந்தது. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

யோசப்புக்கு என்ன நடக்கும்? அந்தப் பின்னேரம் அவர் மெஷின் ஓட்டினவரா? உங்களுக்குச் சத்தம் கேட்டிருக்கும்தானே.

அன்புடன்,
தனுசியா


(இந்தக் கடிதம் தபாற்பையோடு எங்கோ தங்கி, ஜனவரி 9ஆம் திகதிதான் எனக்குக் கிடைத்தது. – த.)

யக்கா வெல்ஸ்
3 டிசம்பர் 2025, புதன்

அன்புள்ள தனுசியாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

மணி நாலு முப்பத்தைந்து. மூன்று நாளாக அடித்த காற்று இப்போதுதான் விழுந்தது. இலை அசையவில்லை. எச்சரிக்கை ஆறு மணி வரை என்று போனில் இருக்கிறது. விளக்கு பொழுது படுகிற நேரத்திலேதான் வைக்கவேண்டும், அதுவரை நின்றால் இருட்டிவிடும். உன் தாளை இன்னொருதரம் வாசித்தேன். அதிலுள்ளது எல்லாம் செய்திருக்கிறேன். ஆகவே வைத்துவிட்டேன். பதினொன்றும் எரிகிறது. வாசல் இரண்டும் நல்ல சுவாலை. பின்வேலி மூலையிலும் வைத்தேன், அதை யன்னலால் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யோசப் இல்லை, காலமையே ரவுணுக்குக் கடைத்தெருப் பக்கம் போனவன். இருந்தால் சிரிப்பான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு இந்த வீடு வீடுமாதிரி இருக்கிறது. இதை உனக்கு இண்டைக்கே சொல்லவேண்டும்போல இருந்தது. தபால்காரி ஐந்து மணிக்கு றோட்டுப்பெட்டியைத் திறப்பாள். கெதியாக நடந்துபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

சின்னம்மா


ரூஜ்
10 ஜனவரி 2026

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் சுகம்.

டிசம்பர் மூன்றாம் திகதி நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அம்மா உடைத்து வாசித்துவிட்டா. நான் வந்தபோது மேசையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தா.

"கிழிச்சுப் போடு" என்றா. "அவளின்ரை பேப்பரும் முடியேல்லை. தெரிஞ்சால் ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள். அவளுக்கு அங்கை ஆர் இருக்கினம்?"

"யோசப்?" என்று கேட்டேன்.

"அவன் எங்களுக்கு ஆர்?"

நான் தலையாட்டினேன். கிழிக்கவில்லை. என்னிடம் இருக்கிறது.

யோசப் காலையிலேயே ரவுணுக்குப் போனார் என்று அதில் இருக்கிறது. அதை நீங்கள் அவர்களுக்குச் சொன்னீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

தனுசியா


ரூஜ்
12 பெப்ரவரி 2026

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கதைத்திருக்கிறீர்கள். காலநிலையைப் பற்றிக் கதைத்ததாக அம்மா சொன்னா.

நெருப்பை விசாரிக்கிற கந்தோரின் விலாசத்தை எடுத்துவிட்டேன். எனக்குத் தேடத் தெரியவில்லை, ஷாமிலா அக்காதான் எடுத்துத் தந்தா. எதற்கு என்று கேட்டா. நான் றோல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "பெடியனோ?" என்றா. ஓம் என்றேன். "கடைசியிலை பாலைவனத்திலையோடி பிடிச்சனீ" என்று முழுக்கடைக்கும் சொல்லிவிட்டா. சொல்லட்டும்.

மார்ச் பத்தாம் திகதி வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்களே போய்ச் சொன்னால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தை அந்த விலாசத்துக்கு அனுப்புவேன். அனுப்பினால் நீங்கள் என்னோடு கதைக்கமாட்டீர்கள், அம்மாவும் கதைக்கமாட்டா. அதை யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சுகம்.

தனுசியா


யக்கா வெல்ஸ்
2 மார்ச் 2026

அன்புள்ள தனுசியாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். பிறகு அந்தக் கந்தோருக்குப் போனேன். இப்போது சுகமாக இருக்கிறேன். நித்திரை வருகிறது.

நடந்ததை எழுதுகிறேன். பெட்டியடிக்குப் போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். இந்தக் காலோடு இன்னும் கொஞ்சம் கூட. கடிதத்தைப் பெட்டிக்குள் விட்டுத் திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. வந்து பார்த்தால் மூலைத் தடி சரிந்து வேலிக்கு அங்காலே புல் பற்றிக்கொண்டு போகிறது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அதற்குள் அது எங்கோ போய்விட்டது. மற்றப் பத்துத் தடியையும் பிடுங்கி, துணி துவைக்கிற மெஷினுக்குள் போட்டு மூடினேன். முதல் செய்தது அதுதான். அறைக் கதவுகளைத் தட்டினது அதற்குப் பிறகுதான். இதை நான் அவர்களுக்கும் சொன்னேன். நெருப்பில் அந்தக் கடிதமும் போயிற்று என்று நினைத்துத்தான், ஒன்றும் வைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன்.

யோசப் பொய் சொல்லவில்லை. பிடித்த அன்றைக்கே தடி சீவித் தந்ததைச் சொல்லியிருக்கிறான். மெஷினை அன்று தொடவில்லை, ரவுணில் நின்றேன் என்றும் சொல்லியிருக்கிறான். அவனை ரவுணில் கண்டதாகச் சொல்ல ஒருவரும் வரவில்லை. என்னிடம் வந்து கேட்டார்கள். நோ பார்ட்டி, நோ ஸ்ரிக், தடி ஒன்றும் இல்லை என்றேன். என்னை நம்பினார்கள். நான் வெள்ளைச் சீலையோடு நாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நம்பத்தான் செய்வார்கள்.

போன கிழமை போனதும் மொழிபெயர்க்கப் போனில் ஒரு தமிழ்ப் பெடியனைப் பிடித்துத் தந்தார்கள். இந்தியப் பிள்ளை. "பந்தம்னா என்னங்கம்மா?" என்று கேட்டான். சொன்னேன். முதலாளி தந்த அந்தத் தாளில் ஒன்று அவர்களிடமும் இருந்தது, அவர்கள் வாசிக்க வாசிக்க அவன் முழுக்கத் தமிழில் சொன்னான். அதன் பின்பக்கத்தில் மெழுகுதிரி, விளக்கு, எந்தச் சுவாலையும் வெளியே கூடாது, காற்று நின்றாலும் எச்சரிக்கை முடியும்வரை கூடாது என்று இருக்கிறதாம். "இதை உங்களுக்கு யாராச்சும் தமிழ்ல சொன்னாங்களான்னு கேக்குறாங்க" என்றான். ஒருவரும் சொல்லவில்லை என்றேன். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த உன் எழுத்தை எடுத்துவிட்டேன். நீ இதைப்பற்றி ஒருவருக்கும் எழுதவேண்டாம். நீ சின்னப்பிள்ளை.

யோசப்பை வியாழக்கிழமை விட்டார்கள். நாயை எடுக்க வந்தான். ஐ ஆம் சொறி என்றேன். அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "மூன்று மாதம்" என்றான். எங்கே போனான் என்று தெரியாது.

என்னை 24ஆம் திகதி கோட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். ஒரு வக்கீல் பெண்ணைத் தந்திருக்கிறார்கள். பேப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லமுடியாது என்கிறாள்.

அம்மாவுக்கு நான் சொல்லுகிறேன்.

சின்னம்மா


ரூஜ்
11 மார்ச் 2026

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் நித்திரை கொள்ளுகிறீர்கள் என்று அறிந்தேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. எழுதவேண்டாம் என்று அதில் இருக்கிறது. நான் மூன்றாம் திகதியே அந்தக் கந்தோருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். பத்தாம் திகதி என்று உங்களுக்குச் சொன்னேன், பொறுக்கமுடியவில்லை. இங்கிலீசில் எழுத நாலு நாள் பிடித்தது. உங்கள் டிசம்பர் மூன்றாம் திகதிக் கடிதத்தை அதற்குள் வைக்கவில்லை, அதை உங்களுக்குச் சொன்ன நாளில் அனுப்புவதாக இருந்தேன். இனித் தேவையில்லை, அது இதோடு வருகிறது. உங்கள் வக்கீலிடம் கொடுங்கள். காற்று விழுந்த பிறகுதான் வைத்தீர்கள் என்று அதில் இருக்கிறது.

நான் அனுப்பியது என்னுடைய பிழை. தாளில் இரண்டு பக்கம் இருந்தது, ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் எழுதினேன் என்று எழுதினேன். மற்றப் பக்கத்தை வாசிக்காமல் விடவில்லை. வாசித்தேன். சுவாலை கூடாது என்ற வரியும் கண்ணில் பட்டது. கை நொந்தது, நீளமாக இருந்தது, விட்டுவிட்டேன். டிசம்பர் முதலாம் திகதி நீங்கள் விளக்கு வைக்கப்போகிறீர்கள் என்று வாசித்தபோது அந்த வரி ஞாபகம் வந்தது. உங்களுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். அம்மாவைக்கொண்டாவது எடுப்பித்திருக்கலாம். சின்னம்மாவுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். இவ்வளவையும் எழுதினேன்.

நேற்று இரவு உங்கள் கடிதத்தையும் நான் அனுப்பியதன் நகலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டா. "உன்னை ஆர் கேட்டது?" என்றா. பிறகு, "அவளும் உன்னைக் காட்டிக் குடுக்கேல்லை, நீயேன் போய் விழுந்தனீ?" என்றா. அதோடு போய்ப் படுத்துவிட்டா. இன்று காலையில் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தா.

இப்போது அவர்களிடம் இரண்டு கதை இருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை என்று நீங்கள் சொன்னது ஒன்று. பாதி சொன்னேன் என்று நான் எழுதியது மற்றது. 24ஆம் திகதி இரண்டையும் வைத்துக்கொண்டு கேட்பார்கள். என்னுடையதுதான் உண்மை என்று சொல்லுங்கள். யோசப்பை மூன்று மாதம் வைத்திருந்தது நாங்கள் ஒருவரும் உண்மை சொல்லாததால்தான். என்னைக் காப்பாற்ற நீங்கள் இன்னொரு பொய்யில் நிற்கவேண்டாம்.

கோட்டுக்குப் போக முதல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
தனுசியா